குணசேகரத்தின் வரலாற்றுக் கொப்பி

கொப்பியைக் குணசேகரத்தின் வலது கைக்குக் கீழே சொருகியபோது சிவதர்சினிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. விறைத்த விரல்கள் இடம் கொடுக்கவில்லை. செத்த பிறகும் மனிசனின் பிடிவாதம் போகவில்லை என்று நினைத்தபடி, மணிக்கட்டைத் தூக்கி உள்ளே தள்ளினாள்.

வாய்க்கரிசி போட்டு முடிந்திருந்தது. இத்தாலியின் பலெர்மோவில் ஐயரைப் பிடிப்பது சுலபமில்லை என்பதால், கணவனோடு தோட்டத்தில் வேலை செய்த செல்வராசாதான் தேவாரம் பாடி எல்லாவற்றையும் ஒப்பேற்றினார். பிறகு சொன்னார்:

“அவர் விரும்பின சாமான் ஏதுமிருந்தால் பெட்டிக்குள்ளை வையுங்கோ தங்கச்சி. மூண்டு மணிக்குப் பூட்ட ஆக்கள் வருவினம்.”

விரும்பின சாமான். வெற்றிலை இல்லை, சிகரெட் இல்லை, உடுக்க ஒரு நல்ல சேட்டுக்குக்கூட ஆசைப்படாத மனிசன். கடைசி இரண்டு வருடமும் இந்த வரலாற்றுப் பாடக் கொப்பியோடுதான் குடும்பம் நடத்தினார். அதுவே போகட்டும் என்று கைப்பையிலிருந்து எடுத்தாள்.

அவர் நகரசபைப் பூங்காவில் தோட்டக்காரர் வேலை கேட்டபோது எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்காக அல்பெர்கேரியாப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கான மாலைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தார். சோதனையில் வரலாற்றுப் பாடத்துக்கு ஆளுக்கொரு விசயத்தை எடுத்துப் பேச வேண்டும். மற்றவர்கள் சிசிலியை எடுத்தார்கள், போப்பாண்டவரை எடுத்தார்கள். இவர் அமெரிக்காவை எடுத்தார். அதுவும் பிறந்து ஐம்பது அறுபது வருடமே ஆன அமெரிக்காவை.

அன்றிலிருந்து சமையலறையில் நிம்மதி இல்லை.

“உனக்குத் தெரியுமே, பாதி நாட்டைப் பிரான்சிட்டைக் காசுக்கு வாங்கினவங்கள். அங்கை இருந்த சனத்தை ஒருத்தரும் கேக்கேல்லை.”

“ஓம், கேட்டிட்டுத்தானே எங்களையும் கலைச்சவங்கள். வெங்காயத்தை உரியுங்கோ.”

“பஞ்சிலை இருந்து கொட்டை எடுக்க ஒரு மெசின் கண்டுபிடிச்சாங்களாம். எல்லாம் அதோடை துவங்கினது.”

“மெசின் வந்தால் வேலை லேசுதானேப்பா?”

“எங்கை லேசு? மெசின் வரப் பஞ்சு கூடினது. வடக்கிலை மில்லுகள் வந்தது. மில்லுக்கு இன்னும் பஞ்சு வேணும், பிடுங்க இன்னும் அடிமையள் வேணும், விதைக்க இன்னும் நிலம் வேணும். நிலத்திலை செரோக்கியெண்டு ஒரு சனம் இருந்தது. எல்லா மனிசரும் சமமெண்டு எழுதி வைச்ச நாடு, வோட்டெடுத்துச் சட்டம் போட்டு அந்தச் சனத்தை எழுப்பி நடத்திக்கொண்டு போச்சுது.”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவாள். இருநூறு வருடத்துக்கு முந்தி, முகம் தெரியாத சனம் நடந்ததை இவ்வளவு விபரமாகச் சொல்லத் தெரிந்த மனிசனுக்கு, அவள் கேட்ட ஒரேயொரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு எப்போதும் இருந்தது.

அவர்களின் மூத்த பிள்ளை வன்னியில், கடைசிச் சண்டை நடந்த பங்குனியில், பதினொரு மாதக் குழந்தையாய்ப் போனது. சிவதர்சினி காலில் எறிகணைச் செல்துண்டு பட்டு நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்தபோது பிள்ளை இல்லை. ஒவ்வொரு பங்குனியும் கேட்பாள்: “பிள்ளை எங்கை கிடக்கு?” அவர் ஒவ்வொரு பங்குனியும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்: “ஆஸ்பத்திரிக்காரர் கொண்டுபோய் மண்ணுக்குள்ளை தாட்டவை. வெள்ளைத் துணியாலை வடிவாச் சுத்தித்தான் குடுத்தனான். இடம் எனக்குத் தெரியாது.”

முந்தாநாள் சியாகுல்லித் தோட்டத்தில் கிளை வெட்டிக்கொண்டிருந்தவர், “கொஞ்சம் இருந்திட்டு வாறன்” என்று செல்வராசாவிடம் சொல்லிவிட்டு ஒரு மண்டரின் தோடம்பழ மரத்தடியில் இருந்தார். பிறகு எழும்பவில்லை. இனிப் பங்குனி வந்தால் கேட்பதற்கும் ஆளில்லை.

இரண்டரை மணிபோல ஒரு நரைத்த இத்தாலியப் பெண் கையில் பூக்களோடு வந்தாள். மாலைப் பள்ளிக்கூடத்து ஆசிரியை, குணசேகரம் சொல்கிற ‘ப்ரொபெசொரெஸ்ஸா’. பெட்டியருகே நின்று சிலுவை போட்டவள், கொப்பியைக் கண்டதும் சிவதர்சினியின் மகள் கேசினியிடம் திரும்பி அவசரமாக ஏதோ சொன்னாள். பதின்மூன்று வயதுக் கேசினி இங்கே பிறந்தவள். தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது.

“அம்மா, அந்தச் சனம் நடந்துபோன பக்கத்தை அப்பா இத்தாலியன்லை எழுத ஏலாதெண்டு சொன்னவராம். அப்ப ப்ரொபெசொரெஸ்ஸா, உங்கடை பாசையிலை எழுதுங்கோ, பிறகு மாத்துவமெண்டு சொன்னவவாம். கடைசித் தாளிலை அப்பா எழுதினவராம். என்ன எழுதியிருக்கெண்டு கேக்கிறா.”

“தமிழிலையோ?”

“ஓம்.”

இரண்டு வருடம் அந்தக் கொப்பி அவளுடைய சமையலறை மேசையில் கிடந்தது. சுடுசட்டியை இறக்கி அதன் மேலேயே வைத்திருக்கிறாள். வேலைக்குப் போகும் வீடுகளில் வீட்டுக்காரச் சிஞ்ஞோராக்களுடன் சமாளிக்கிற இத்தாலியன் மட்டும் அவளுக்குத் தெரியும். தனக்கு விளங்காத எழுத்து என்று ஒருநாளும் விரித்துப் பார்க்கவில்லை.

அவள் பெட்டிக்குள் கைவிட்டாள்.

“குடுத்ததைத் திருப்பி எடுக்கிறேல்லை தங்கச்சி” என்றார் செல்வராசா.

“ஒருக்கால் வாசிச்சிட்டு வைக்கிறன் அண்ணை.”

பஞ்சு மெசினின் படம், ஒரு பெரிய ஆறு, ஆற்றைக் கடந்து மேற்கே போகும் அம்புக்குறிகள், ஆசிரியையின் சிவப்புச் சரிகள். கடைசித் தாளில் அவருடைய சாய்ந்த எழுத்து.

“நடந்த வழியில் நாலாயிரம் பேர் செத்தார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. யார் புதைத்தார்கள் என்று இல்லை. நான் ஒரு ஆளைப் புதைத்தேன். இரணைப்பாலையில், தண்ணீர்த் தாங்கிக்குக் கிழக்கே, மூன்றாவது பனையடி. முழங்கால் ஆழம்தான் கிண்ட முடிந்தது. தாயின் சீலையால் சுற்றி வைத்தேன். தாய்க்குக் காலில் இரத்தம் நிற்கவில்லை. கட்ட வேறு துணி இல்லை. சீலையைத் திருப்பி எடுத்தேன். பிள்ளையை வெறும் உடம்போடு மண் போட்டு மூடினேன். அவளுக்கு இதை எப்படிச் சொல்வது?”

அவள் இரண்டாம் முறையும் வாசித்தாள். காலில் கட்டியிருந்த ஊதாக்கரைச் சீலையை அவளுக்கு நல்ல நினைவு. இத்தனை சனத்துக்குள் என்னுடைய சீலையே எனக்குக் கிடைத்ததே என்று அப்போது நினைத்திருந்தாள்.

“என்னம்மா எழுதியிருக்கு?”

சிவதர்சினி அந்தத் தாளை மட்டும் மெதுவாகக் கிழித்து நாலாக மடித்தாள்.

“வழி எழுதியிருக்கிறார்” என்றாள். “ப்ரொபெசொரெஸ்ஸாவுக்குப் பிறகு சொல்லுவம்.”

கொப்பியை அவருடைய கைக்குக் கீழே திரும்ப வைத்தாள். திருகாணிகளோடு இரண்டு பேர் வந்து கதவருகில் நின்றார்கள். மூத்தவன், “சிஞ்ஞோரா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான். அவள் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவருடைய இடுப்புவரை போர்த்திக் கிடந்த வெள்ளை வேட்டியை நெஞ்சுக்கு இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஓரங்களை முதுகுக்குக் கீழே செருகினாள். பிறகு கால்மாட்டுக்குப் போய், வெளியே தெரிந்த பாதங்களையும் சேர்த்துச் சுற்றினாள்.