நீல அட்டையும் மஞ்சள் அட்டையும்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒன்று இருபதுக்கு மார்லீன் ஆஸ்காம்ப் ஒரு தப்பு செய்தாள். செய்யும்போதே அது தப்பு என்று அவளுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் வெல்பர்ன் ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு வரலாறு சொல்லிக் கொடுப்பவள் அவள். பத்தொன்பது வருடங்களாக ஒவ்வொரு ஏப்ரலிலும் பிள்ளைகளை வைத்து ஒரு பழைய பேஸ்பால் ஆட்டத்தைத் திரும்ப ஆட வைப்பாள். கறுப்பர்களைப் பெரிய லீக்குகளில் சேர்க்காத காலம் அது. 1936 கோடையில் டெல்டா லான்டர்ன்ஸ் என்ற கறுப்பர் அணி பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருந்தது. வெல்பர்னுக்கு வந்து, ஊர் அணியை ஏழுக்கு மூன்று என்று தோற்கடித்தது. ஆட்டம் முடிந்ததும் கடைத்தெரு உணவகத்தில் அவர்களுக்குச் சோறு போடவில்லை. பேருந்திலேயே உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

இதைத்தான் பிள்ளைகள் ஆடிக் காட்டுவார்கள். ஒரு தொப்பிக்குள் அட்டைகள் கிடக்கும்: நீலம் ஊர் அணி, மஞ்சள் லான்டர்ன்ஸ், வெள்ளை என்றால் நடுவர், உணவகக்காரர், பார்வையாளர்கள். ஆட்டக்காரர் அட்டையில் அவர் ஆட வேண்டிய இடமும் எழுதியிருக்கும். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுக்க வேண்டும். மஞ்சள் வந்தவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிப் பேருந்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், மற்றவர்கள் உணவுக்கூடத்தில். பிறகு எல்லோரும் தங்களுக்கு எப்படி இருந்தது என்று ஒரு பக்கம் எழுதித் தருவார்கள். அந்தப் பக்கங்களை வருட வாரியாகக் கட்டி அலமாரியில் வைத்திருந்தாள் மார்லீன்.

இதற்கு முந்தைய பதினெட்டு வருடமும் வகுப்பில் இருந்தவர்கள் வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே. இந்த வருடம் கோரின் ஹப்பர்ட் இருந்தாள். செப்டம்பரில் கேரி நகரிலிருந்து வந்தவள், வகுப்பில் ஒரே கறுப்புப் பெண்.

பெயர் வரிசைப்படி தொப்பி நகர்ந்தது. கோரின் கையை நீட்டியபோது மார்லீன் தொப்பியைச் சற்றே பின்னால் இழுத்தாள். "நான் எடுத்துத் தரேன், கண்ணு" என்று சொல்லி, தானே கையை விட்டு, பார்த்துப் பார்த்து ஒரு நீல அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஊர் அணி, மைதானத்தின் வலது ஓரம்: பந்து அதிகம் வராத இடம்.

கோரின் அட்டையைப் பார்த்தாள். பிறகு மார்லீனைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து மார்லீனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அந்தப் பெண்ணுக்கு மஞ்சள் அட்டை வந்து, வெள்ளிக்கிழமை மதியம் அவளைப் பேருந்தில் ஏற்றிக் கதவைச் சாத்தியிருந்தால்? அது கொடுமை இல்லையா? கொடுமைதான். அப்படியானால் தான் செய்தது சரிதானே? இந்த இடத்துக்கு வந்ததும் மறுபடி எழுந்து நடப்பாள்.

புதன்கிழமை மாலை கோரினின் அம்மா போன் செய்தாள். யோலாண்டா ஹப்பர்ட் நர்ஸ். வேலை முடிந்த களைப்பு குரலிலேயே தெரிந்தது.

"மிஸஸ் ஆஸ்காம்ப், என் பொண்ணு வீட்டுக்கு வந்து அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும். அவ அழலை. வேற செக்‌ஷனுக்கு மாத்துங்கன்னு ஒரு தாளை நிரப்பிக் கொண்டாந்து, கையெழுத்துப் போடுங்கறா."

"நான் அவளைக் காப்பாத்தணும்னுதான்..."

"எதுலேர்ந்துங்க?"

மார்லீன் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"திங்கட்கிழமை வரைக்கும் போடாம வச்சிருக்கேன். அதுக்குள்ள நீங்களும் அவளும் பேசிக்கோங்க. நடுவுல நான் வரலை" என்று சொல்லி யோலாண்டா வைத்துவிட்டாள்.

வியாழன் காலை முதல் வேலையாக மார்லீன் தலைமை ஆசிரியர் டுவைட் ஸ்டட்ஸ்மன் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"இத்தனை வருஷமா நம்ம பசங்க பேருந்துல உட்கார்ந்து சாண்ட்விச் தின்னுட்டு, 'ஐயோ பாவம்'னு ஒரு பக்கம் எழுதித் தர்றாங்க. நீயும் நல்ல மார்க் போடுறே. கேள்வி கேக்க இப்பத்தான் ஒரு ஆள் வந்திருக்கு. அதுக்கு ஏன் இந்த நடை நடக்கறே?"

"அவ போயிடுவா, டுவைட்."

"போனா போகட்டும்னு உன்னால சொல்ல முடியலை இல்ல?"

"முடியலை."

"அப்ப போய் அவகிட்டச் சொல்லு. நான் காப்பி குடிக்கணும்."

மூன்றாவது பாடவேளையில் மார்லீன் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். கடிதம் எழுதுகிறவளைப் போல எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு சொன்னாள். செவ்வாய்க்கிழமை எல்லோரும் தங்கள் கையால் எடுத்தார்கள். கோரினுக்கு மட்டும் தானே எடுத்ததாகவும், அட்டையின் நிறம் பார்த்தே எடுத்ததாகவும் சொன்னாள்.

"எங்களுக்குத் தெரியும் மிஸ்" என்றான் வெஸ்லி கிரபில் கடைசி வரிசையிலிருந்து. "நீங்க சீட்டாடினா ஒரே நாள்ல வீட்டை வித்துடுவீங்க."

சிரிப்பு எழுந்து அடங்கியது. கோரின் சிரிக்கவில்லை.

"என்னைப் பேருந்துல உட்கார வைக்க உங்களுக்கு மனசு வரலை. சரி. இவங்களை மட்டும் எப்படி வைக்கறீங்க?"

"அவங்களுக்கு இது ஒரு... ஆட்டம் மாதிரி."

"எனக்கு?"

மார்லீன் கையிலிருந்த சுண்ணக்கட்டி இரண்டாக உடைந்தது.

"நான் கேரியில மூணு வருஷமா பந்து எறியறேன்" என்றாள் கோரின். "லான்டர்ன்ஸுக்கு எறியற அட்டை எனக்கு வராதான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். வந்திருக்காமலும் போயிருக்கலாம். அது பரவாயில்லை. நீங்க என்னைக் கேக்கவே இல்லையே."

"மறுபடி குலுக்கட்டுமா?"

"வேண்டாம். அந்த அட்டை யாருகிட்ட இருக்கு?"

வெஸ்லி மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினான். "என்கிட்டதான். நான் எறிஞ்சா பந்து அடுத்த மாவட்டத்துல போய் விழும்."

"மாத்திக்கலாமா? என் வலது ஓரத்தை வச்சுக்கோ."

"வலது ஓரம் மட்டும்னா பத்தாது. மேல ஏதாவது போடு. ஒரு பாக்கெட் சிப்ஸ்."

"பார்பெக்யூ சிப்ஸ் தரேன்."

"ஒத்துக்கறேன்."

அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதுபோல இருவரும் நடுவில் வந்து கைகுலுக்கினார்கள். அட்டை மாற்றக் கூடாது என்று மார்லீனின் விதிமுறைத் தாளில் எங்கும் இல்லை. அப்படி யாரும் கேட்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று இன்னிங்ஸ் ஆடினார்கள். ஊர் அணி மட்டை பிடித்தபோதெல்லாம் கோரின்தான் எறிந்தாள். எட்டுப் பேர் மட்டையை வீசிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்கள். எட்டாவது ஆள் வெஸ்லி.

"இது அநியாயம்! பந்தே கண்ணுல படலை!"

"கண்ணாடி போடு, கிரபில்!" என்று மஞ்சள் பக்கம் முழுவதும் கத்தியது.

எல்லைக் கோட்டோரம் போவதும் வருவதுமாக இருந்தாள் மார்லீன். ஆட்டம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அவள் கையிலிருந்த தாளில் அடுத்த வரி: பன்னிரண்டு பத்து, பேருந்து.

மணி ஆனது. உணவகக்காரியாக நடித்த ஹாடி என்ற பெண் தன் வரியைச் சொன்னாள்: "உங்களுக்கு இங்க பரிமாற மாட்டோம்." மஞ்சள் அட்டைக்காரர்கள் எட்டுப் பேர் பேருந்தை நோக்கி நடந்தார்கள். கோரின் நகரவில்லை. தான் பந்து எறிந்த மேட்டின் மேலேயே உட்கார்ந்து சாப்பாட்டுப் பையைத் திறந்தாள்.

"கோரின்" என்றாள் மார்லீன்.

"எறியறதுக்கு ஒத்துக்கிட்டேன், மிஸ். இதுக்கு ஒத்துக்கலை. லான்டர்ன்ஸ் பேருந்துல சாப்பிட்டாங்கன்னா அவங்களுக்கு வேற வழி இல்லை. எனக்கு இருக்கு."

பேருந்தின் படியில் ஒரு கால் வைத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மிஸ், நாங்க ஏறணுமா, வேண்டாமா?"

மார்லீன் தாளைப் பார்த்தாள். பத்தொன்பது வருடத் தாள். அதில் பதில் இல்லை.

"எனக்குத் தெரியலை" என்றாள். பிள்ளைகளிடம் அவள் இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "அவங்க அவங்க முடிவு பண்ணுங்க."

ஐந்து பேர் ஏறினார்கள். மூன்று பேர் இறங்கிப் புல்லில் உட்கார்ந்தார்கள். வெஸ்லி தன் சிப்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு உணவுக்கூடத்துக்கு நடையைக் கட்டினான். மார்லீன் மேட்டருகே போய் நின்றாள்.

"கோரின், அந்த மாத்தற தாள்..."

"பையிலதான் இருக்கு."

"அம்மா திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவாங்களா?"

கோரின் ரொட்டியை மென்று விழுங்கினாள். "சாப்பிட்டதும் எல்லாரும் ஒரு பக்கம் எழுதணும் இல்ல? எப்படி இருந்துச்சுன்னு?"

"ஆமா."

"நீங்க எழுதியிருக்கீங்களா? எப்பவாவது?"

"இல்லை."

"எழுதுங்க. படிச்சுட்டுச் சொல்றேன்."

மார்லீன் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தாள். தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை முழங்காலில் வைத்தாள். தேதி போட்டாள். முதல் வரியை எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.

மேட்டிலிருந்து கோரின் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"பெருசா எழுதுங்க மிஸ். இங்கேர்ந்து தெரியலை."