கட்டியின் நடுவும் ஓரமும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது கஜகஸ்தானின் அல்மாட்டியில் எங்கள் மருத்துவமனை முழுக்கத் தெரியும். அறுவை அறையிலிருந்து வரும் சதையை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது என் பிரிவின் வேலை. நோயாளியின் முகத்தை நாங்கள் பார்ப்பதே இல்லை.

அன்று மருந்துப் பிரிவு டாக்டர் அஸ்ஹத் வந்து தயங்கி நின்றார்.

"ரைஹான் அக்கா, மாஹினூர்னு ஒருத்தங்க. பெருங்குடல்ல கட்டி, எடுத்தாச்சு. வேற எங்கயும் பரவல. ஆனா கட்டிக்குள்ள நோய் எதிர்ப்பு செல்லே இல்லன்னு உங்க ரிப்போர்ட் சொல்லுது. திரும்ப வந்துடுமோன்னு பயமா இருக்கு. கீமோ ஆரம்பிக்கலாம்னு பாக்கறேன்."

"ஆரம்பிங்க. என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

"லக்மான்னு நூடுல்ஸ் விக்கற கடை வெச்சிருக்காங்க. மாவைக் கையாலயே இழுக்கறவங்க. இந்த மருந்துல விரல் மரத்துப் போகும். சில பேருக்கு அந்த மரப்பு போகவே போகாது. அதான் மனசு வரல."

கண்ணாடித் தகட்டை வாங்கி நுண்ணோக்கியில் பார்த்தேன். எதிர்ப்பு செல்களைப் பழுப்பாகக் காட்டும் சாயம் அது. பழுப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. ஆனால் தகடு முழுக்கப் புற்று. நல்ல சதை ஓர் இழைகூட இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

போன மாதம்தான் கல்யாணமான ஜானிபெக்கைக் கூப்பிட்டேன். எங்கள் பிரிவின் இளம் டாக்டர்.

"சாயம் ஏத்த எந்தத் துண்டை எடுத்தே?"

"நடுத்துண்டை அக்கா. அங்கதானே கட்டி கொழுகொழுன்னு இருக்கும்."

"மாமியார் வீட்டு விருந்துல உனக்கு என்ன கறி வெச்சாங்க?"

"ஆட்டு நெஞ்சுக்கறி. மாப்பிள்ளைக்கு அதுதானே மரியாதை?"

"கழுத்தை வெச்சிருந்தா?"

"எழுந்து வந்திருப்பேன்."

"ஆட்டுல மட்டும் இடத்துக்கு இடம் வித்தியாசம் தெரியுது தொரைக்கு. கட்டி மட்டும் எங்க தொட்டாலும் ஒண்ணா? எதிர்ப்பு செல்லு நடுவுல இல்லாட்டியும் ஓரத்துல மறிச்சுக்கிட்டு நிக்கும்டா. போ, ஓரத்துண்டை எடு."

அஸ்ஹத் சிரித்துவிட்டார். ஜானிபெக்கின் காது சிவந்தது. ஆனாலும் பையன் முகம் கோணாமல் போய், மெழுகுக் கட்டைகளைத் துழாவி, ஓரத்துண்டைக் கண்டுபிடித்துச் சீவினான்.

மறுநாள் புதுத் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். அங்கேயும் காலி என்றால், அந்த அம்மாவின் விரல்களை மருந்துக்குக் கொடுப்பது நானாகிவிடும்.

காலியாக இல்லை. புற்று முடிந்து நல்ல சதை தொடங்கும் இடத்தில், சந்தை நாள் கூட்டம்போலப் பழுப்பு நெருக்கியடித்து நின்றது. சில இடங்களில் உள்ளேயும் புகுந்திருந்தது. ஜானிபெக்கைத் தனியாக எண்ணச் சொன்னேன். அவன் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போயின. டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். திரும்பி வரும் ஆபத்து குறைவு, கீமோ வேண்டாம், அவ்வப்போது பரிசோதித்தால் போதும் என்று முடிவானது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மாஹினூர் அதை நம்பவில்லை. காசில்லாதவள் என்று கைகழுவுகிறார்கள் என நினைத்துச் சண்டைக்கே போயிருக்கிறாள். "நீங்களே காட்டிடுங்க அக்கா" என்று அஸ்ஹத் என்னிடம் அனுப்பிவிட்டார்.

"மருந்து வேணாம்னது நீங்கதானா டாக்டரம்மா?" என்றாள்.

"நான் இல்ல, இவங்க. நீங்களே பாருங்க."

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

"இந்தப் பழுப்பெல்லாம் என்னது?"

"உங்க உடம்போட ஆளுங்க. கட்டி வெளிய பரவாம மறிச்சு நின்னவங்க."

மெதுவாகப் பேசினாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தனியா வந்தேன், தனியாவே படுத்துக் கெடந்தேன், நாதியில்லன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் பொலம்பினேனே. இத்தனை பேர் இருந்திருக்கீங்க."

என்னிடம் சொல்லவில்லை. கண்ணைத் தகட்டைவிட்டு எடுக்காமலே அவர்களிடம் சொன்னாள்.