ஆறு வீடும் முடிந்த பிறகு

எல்விரா முழங்காலிட்டு, தோமாசா வீட்டுச் சமையலறையில் சுவரோரப் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா யுசேபியோ இறந்து இரண்டு நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெபமாலை. அதற்குள் இந்த வீடு முடிந்தால்தான் அப்பாவை அவருடைய சொந்த வீட்டில் கிடத்த முடியும்.

கிராமத்து ஏழைகளுக்கான அரசாங்க வீட்டுக் கடனில் அப்படி ஒரு நிபந்தனை. ஆறு குடும்பம் சேர்ந்து ஆறு வீட்டையும் தங்கள் கையாலேயே கட்ட வேண்டும். ஆறும் முடியாமல் ஒருவரும் குடிபோகக் கூடாது. யுசேபியோவின் வீடு முடிந்து மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நிற்கும் தோமாசாவின் வீடுதான் கடைசி. அதன் கூரையில் வேலை செய்துவிட்டு இறங்கியபோதுதான் அப்பாவுக்கு நெஞ்சைப் பிடித்தது.

அந்தக் கடனுக்குத் தகுதி பெறவே மனிதர் ஒன்பது வருடம் அலைந்தார். முதல் தடவை, அம்மா கான்சுவேலோ ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் தமாலே என்ற சோளமாவுப் பலகாரம் விற்ற காசையும் விண்ணப்பத்தில் எழுதிவைத்தார். வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது. அடுத்த தடவை அவர் பார்த்த மனை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்தது. வரைபடத்தில் அது நகரமாம். கிராமத்துக் கடன் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“கோழி எத்தனை முட்டை போட்டுச்சுன்னு கேட்டிருந்தா அதையும் எழுதியிருப்பாரு உங்கப்பா,” என்று அம்மா அவரை வறுத்தெடுப்பாள். பதினைந்து வயதில் எல்விராவும் அந்தத் தமாலே கணக்குக்காக அவர்மேல் எரிச்சல்பட்டிருக்கிறாள். ஒழுகும் வாடகை வீட்டில் வாளி வைத்துப் படுத்தவள் அவள்தானே.

மேஸ்திரி ஹெர்மிலோ தயங்கித் தயங்கி அம்மாவிடம் வந்தான். அவள் திருகாணி இயந்திரத்தை வைத்துக்கொண்டு அலமாரிக் கதவுகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்க வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் திறந்து வச்சிடலாம். எந்த ஆபீசர் வந்து பாக்கப் போறான்?”

“தமாலே காசை மறைச்சிருந்தா அவரு எப்பவோ சொந்த வீட்ல இருந்திருப்பாருடா. செத்த பிறகு திருட்டுத்தனமா உள்ள தள்ளச் சொல்றியா? அந்தக் கீலை எடு.”

தோமாசா அடுப்பு மேடையில் சாய்ந்து அழுதாள். “என் வீட்டாலதானே அக்கா இவ்வளவும்.”

“நீ எங்க வீட்டுக்குச் சுவர் நிறுத்தினப்போ நான் இப்படி நின்னு அழுதேனா? ஜன்னலைத் துடை.”

எல்விராவுக்கு அம்மாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அப்பாவை நினைத்து அதைவிடப் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது. குனிந்து அடுத்த ஆணியை எடுத்துக்கொண்டாள்.

நாலரை மணிக்குக் கட்டட ஆய்வாளர் பில்லிங்ஸ் வந்தார். குழாய்களைத் திறந்தார், விளக்குகளைப் போட்டுப் பார்த்தார். கடைசியில் வெளியே வந்து வாசற்படிக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார். ஆடியது.

“இப்படி இருந்தா கையெழுத்துப் போட முடியாதும்மா. சரி பண்ணி வைங்க, நாளைக்கு வரேன்.”

யாரும் கெஞ்சவில்லை. “ஒரு நிமிஷம் நில்லுங்க,” என்றாள் அம்மா. படியில் உட்கார்ந்து, குட்டையான திருகாணிகளைக் கழற்றிவிட்டு நீளமானவை நான்கை முடுக்கினாள். “இப்ப ஆட்டுங்க.”

அவர் தன் முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்துப் பார்த்தார். அசையவில்லை. “அப்படி என்னம்மா அவசரம்?”

“எங்கப்பா வந்துட்டிருக்காரு,” என்றாள் எல்விரா.

அவர் தலையசைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஹெர்மிலோ இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான். முகம் கழுவவும் கறுப்பு உடை மாற்றவும்தான் நேரம் இருந்தது.

சவ வண்டி ஆறு மணிக்குச் சரியாக வந்தது. ஹெர்மிலோவும் மற்ற வீட்டு ஆண்களுமாக ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். அம்மா முன்னால் போய்ப் பூட்டைத் திறந்தாள். கதவை அகலத் தள்ளிவிட்டுத் திரும்பியவள், அவர்களின் கால்களைப் பார்த்தாள். பூட்ஸ் முழுக்கத் தோமாசா வீட்டுச் சேறு.

“காலைத் துடைச்சிட்டு வாங்க,” என்றாள். “அவரு வீடு.”

ஆறு பேரும் பெட்டியை இறக்காமலே, ஒருவர் பின் ஒருவராக மிதியடியில் காலைத் தேய்த்தார்கள்.