எந்த எண்ணெய் காப்பாற்றியது?

மலாயா அவசரகாலத்தின் ஐந்தாவது வருடம், சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து நாகமுத்து சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, ஊர்ப் பேச்சில் காடியை, வாங்கினார். மலாக்காவில் துணிக்கடை வைத்திருந்தவர், வாராவாரம் மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களுக்குப் புடவை கொண்டுபோவார். அந்த ரப்பர் காட்டுச் சாலையில் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து சுடுவார்கள். வேகமான காடி இருந்தால் தப்பிவிடலாம் என்று நினைத்தார்.

சாவியைக் கொடுத்த துரை, "ஆக்டேன் கூடின உசந்த பெட்ரோல்தான் போடணும். சாதா போட்டா இது மாட்டுவண்டி" என்று தோட்டத்துத் தமிழில் எச்சரித்திருந்தார். நாகமுத்து அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை மாலை, வளைவொன்றில் திரும்பும்போது வெடிச்சத்தம் கேட்டது. அடுத்த வெடியில் பின்கண்ணாடி சிதறியது. நாகமுத்து தலையைக் குனித்துக்கொண்டு முடுக்கியை மிதித்தார். காடி பறந்தது. மெர்லிமாவ் போலீஸ் நிலையத்தின் முன்னால் நிறுத்திய பிறகுதான் மூச்சு விட்டார்.

வீட்டில் மனைவி கோமளா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அழாதே. உசந்த எண்ணெய்தான் என்னைக் காப்பாத்திச்சு" என்றார். மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்.

பேச்சு பெட்ரோல் நிலையம் நடத்தும் காளிமுத்துவின் காதுக்கும் போனது. அவன் கடைக்கு வந்து நெளிந்தான்.

"அண்ணே, அன்னிக்குக் காலையில நீங்க காப்பி குடிக்கப் போனீங்களே, அப்ப உசந்தது தீந்துபோச்சு. சாதாதான் ஊத்தினேன். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன் லா."

நாகமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. தலைதான் சுற்றியது. மாட்டுவண்டி எப்படிப் பறந்தது?

காடியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக் பாலகிருஷ்ணனின் பட்டறைக்குப் போனார். அவன் எஞ்சினை முடுக்கிக் காது கொடுத்துக் கேட்டான்.

"உசந்த எண்ணெய் எஞ்சின் டொக்கு டொக்குன்னு தட்டாம இருக்கத்தாண்ணே. இது சாதாவுலயே தட்டல. அப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, தெரியுமா?"

பாலகிருஷ்ணன் தலையைச் சொறிந்தான். "மேட்டுல உசந்தது கொஞ்சம் நல்லா இழுக்கிற மாதிரியும் இருக்கு. மாதிரிதான். சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க."

"அப்ப அன்னிக்கு எது என்னைக் காப்பாத்திச்சு?"

"உங்க பயமாத்தான் இருக்கும்" என்றான். அவன் கேலி செய்கிறானா என்பதும் நாகமுத்துவுக்குப் புரியவில்லை.

இரவு சாப்பாட்டின்போது கோமளாவிடம் கேட்டார். "சுட்டவன் குறி தப்பினதுக்கு எண்ணெய் என்னங்க பண்ணும்?" என்றாள். அதுவும் சரியாகத்தான் பட்டது. ஆனால் துரை பொய் சொல்லியிருப்பாரா?

அடுத்த வியாழக்கிழமை காளிமுத்து குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எதண்ணே ஊத்தட்டும்?"

"சாதா" என்றார். அவன் குழாயைச் செருகியதும், "வேணாம், உசந்தது" என்றார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. "பாதி பாதி ஊத்துப்பா!"

தனியாகப் போகக்கூடாது என்று கோமளா சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால் மெர்லிமாவ் போகும் ராணுவ லாரிகளின் வால்பிடித்துப் போனார். முன்னால் கவச வண்டி ஊர்ந்தது. சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் சிரித்தபடியே சிவப்புக் காடியை முந்திக்கொண்டு போனார். பாதி பாதி எண்ணெய் எப்படி இழுக்கிறது என்று பார்க்க, நாகமுத்து முடுக்கியில் காலை வைத்துவைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.