நாற்பத்திரண்டு அளவு ஜிப்பா

அல்ஃபியாவின் நிக்காஹ் இரண்டு முறை தள்ளிப்போனது அண்ணனுக்காகத்தான். அத்தாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள். நிக்காஹில் பொறுப்பாக நின்று பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் அண்ணன் முபாஷிர். அவரோ வெளிநாட்டில் நம் தூதரகத்தில் அதிகாரி. பதினோரு வருடத்தில் நான்கு நாடுகள். ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. ஞாயிறுதோறும் போனில் பேசுவார். “வீடியோ போடுங்கண்ணா” என்றால், “சிக்னல் சரியில்ல கண்ணு” என்பார். பெருநாளுக்கு யாரோடு சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மூன்றாம் முறை தள்ளிப்போட உடுமலை மாப்பிள்ளை வீட்டார் ஒப்பவில்லை. “இந்தத் தடவை வந்துருவேன்” என்றார் அண்ணன். அல்ஃபியா தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் மதிய இடைவேளைகளில் அவருக்கு வெள்ளை ஜிப்பா தைத்தாள். நெஞ்சளவு நாற்பத்திரண்டு. ஆறு வருடத்துக்கு முன் அவளே எடுத்த அளவு.

பக்கத்து மெஷின் மோனிஷா சிரித்தாள். “எம்பசிக்காரரு தினமும் விருந்து திங்கறவருடி. இன்னும் ரெண்டு இஞ்ச் சேர்த்து விடு.”

நிக்காஹுக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்த நாட்டில் சண்டை மூண்டது. விமானங்கள் நின்றுபோயின. ஆட்களை மீட்டுவரும் ஒரே விமானத்தில் அண்ணனுக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள்.

அவர் கூப்பிட்டார். “கேட்டுக்கு வெளிய நம்ம ஆளுங்க நூத்திப்பத்துப் பேரு நிக்கறாங்க கண்ணு. பாதிப் பேரு இங்க கார்மெண்ட்ஸ் வேலைக்கு வந்தவங்க. எழுபது சீட்டுதான் இருக்கு.”

“உங்க சீட்டுங்கண்ணா?”

“அதையும் சேர்த்துத்தான்.”

எப்படியாவது வந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அவருக்குப் பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது. “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

நிக்காஹ் அன்று காலை பதிவேட்டைத் திறந்துவைத்து, “பொண்ணுக்குப் பொறுப்பு யாருங்க?” என்று நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத் கேட்டார். அம்மாவின் தம்பி கலீல் மாமா அண்ணனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். லைன் கிடைக்கவில்லை. அப்போது தோளில் பையும் முகத்தில் நாலு நாள் தாடியுமாக ஒருவர் மண்டபத்துக்குள் வந்தார். சேவூர்க்காரர், பெயர் முருகேஷ். அந்த நாட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் தங்கையை என் சார்பில் கொடுக்க மாமா கலீலுக்கு அதிகாரம் தருகிறேன் என்று எழுதியிருந்தது. கீழே அண்ணனின் கையெழுத்தும் வட்ட முத்திரையும். ஊருக்கு வர முடியாத எத்தனையோ பேருக்குத் தூதரகத்தில் அவர் முத்திரை போட்டுக் கொடுத்த அதே மாதிரித் தாள்.

நிக்காஹ் முடிந்தது. மாமா முருகேஷை மணப்பெண் அறை வாசலுக்கு அழைத்து வந்தார்.

“அவரு சீட்டுலதானுங்க நான் வந்தேன்” என்று முருகேஷ் தலைகுனிந்தார்.

அல்ஃபியா நாற்காலியில் கிடந்த ஜிப்பாவைக் காட்டினாள். “இதை அவருக்கு அனுப்ப வழி இருக்குமாங்க?”

முருகேஷ் அதை எடுத்து கையால் சாண் போட்டுப் பார்த்தார். “யார் அளவுங்க இது?”

“அண்ணனுதுங்க.”

“இல்லீங்க.” கொஞ்சம் தயங்கினார். “இருவது வருசமாத் துணி வெட்டறேன். அவருக்கு முப்பத்தாறு இருந்தாலே அதிகமுங்க.”

அல்ஃபியா ஒரு கத்தரிக்கோல் கேட்டாள்.

உடுமலை போகும் வழியெல்லாம், காரில், மருதாணி சிவந்த கையால் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டே போனாள்.