வெளிச்சக் கருவிக்குச் சந்தனம்

சின்னசேலம் பக்கத்தில் இளவரசன் போட்ட நாற்றுப் பண்ணையைப் பார்த்துச் சூரியனே மிரண்டு போனான் என்று ஊரில் பேச்சு. பின்னே? கம்பத்து உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவி. வெயில் ஏறினால் அது மோட்டாருக்குச் சொல்லும். பச்சை நிழல்வலை ஓடிவந்து நாற்றை மூடும். மேகம் போட்டால் தானே சுருட்டிக்கொள்ளும்.

கம்பம் நின்றது வேலியோரம். வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி ராமசாமி. ஒரு முழ வரப்புக்காக இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் கல்வராயன் மலையே நாலடி தள்ளிப் போயிருக்கும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் புரட்டாசி வெயில் பொன்னுருகக் காய்ந்தது. வலையோ சுருண்டது சுருண்டபடி கிடந்தது. மிளகாய் நாற்றெல்லாம் தலை தொங்கிவிட்டது. மத்தியானம் நாற்று வாங்க மலையிலிருந்து அம்மாசி என்ற விவசாயி டெம்போவோடு வருகிறார். பண்ணையின் முதல் பெரிய வியாபாரம்.

இளவரசன் நாற்றுப் பக்கமே போகவில்லை. நேரே வேலிக்கு ஓடினான்.

"யோவ், எங்கய்யா ஒயர அறுத்த?"

"ஒன் ஒயர அறுத்து நான் இன்னா, அரணாக்கொடி கட்டிக்கப் போறனா?"

"ஏங்க, கையால சுத்துற பிடி இருக்குதில்ல? வந்து ஒரு கை பிடிங்க!" என்று உள்ளேயிருந்து மனைவி ஜெயசுதா கத்தினாள்.

"நீ சும்மா இருடி!"

ராமசாமியின் பாட்டன், பூட்டன் வரைக்கும் இழுத்து நாறடித்தான். இருவருக்கும் ஒரே பூட்டன்தான் என்பது அந்த வேகத்தில் நினைவில்லை. தெருவே வேலியோரம் கூடிவிட்டது. நாற்று வெந்துகொண்டிருந்தது.

ஜெயசுதா தனியாகப் பிடியைச் சுற்றிப் பார்த்தாள், அசையவில்லை. ஏணியைச் சாத்தி ஏறினாள்.

"நேத்து கடப்பாரையிலேர்ந்து மோட்டார் வரிக்கும் சந்தனம் வச்சது யாருங்க?"

இளவரசன் அண்ணாந்து பார்த்தான். கருவியின் கண்ணாடி மேலேயே தோசை கனத்துக்கு அப்பி, நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமமும் வைத்து இறங்கியவன் அவனேதான். கருவிக்கு இன்னும் விடியவே இல்லை!

அவள் முந்தானையால் துடைத்தாள். மோட்டார் உறுமியது, வலை ஓடி மூடியது. அதற்குள் பாதி நாற்று கருகிவிட்டது.

அம்மாசி வந்தார். தேறியதை மட்டும் ஏற்றிக்கொண்டார். "மிச்சத்துக்கு வேற பண்ணை பாத்துக்கறேம்பா" என்று போய்விட்டார்.

ராமசாமி வேலியில் சாய்ந்துகொண்டார். "இன்னாடா, ஒயர அறுத்தவன் ஆப்ட்டானா? இத்தினி பேரு எதிர்லதான பேசுன, அதே வாயால இப்ப சொல்லு."

ஊரே காத்திருந்தது. மன்னிப்பு இளவரசன் தொண்டை வரை வந்து முள்ளாகக் குத்தியது. காறித் துப்பினான்.

"ஒன் கொள்ளிக்கண்ணுக்குப் பயந்துகினுதான்யா உச்சி வரிக்கும் ஏறி வச்சேன்! என் நாத்த கொன்னது நீதான்!"

"அடி செருப்பால!" வேலிப்படல் பிய்ந்தது.

ஜெயசுதா திரும்பிப் பார்க்கவில்லை. கருகிய நாற்று நின்ற குழித்தட்டுகளை எருக்குழிக்குத் தூக்கிப் போய், ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டினாள்.