மூன்றாவது கியரைப் பிடித்திருந்த கை

அம்மாவின் உள்ளங்கைக்குக் கீழே அந்தக் கறுப்புக் கியர்க்குமிழ் துடித்துக்கொண்டே இருக்கிறது, உலை கொதித்து மூடியைத் தள்ளுவதுபோல, வண்டி மூன்றாவது கியரில் மலையிறங்குகிறது, விட்டுறாத, அமுக்கு, என்கிறார் அப்பா, அமுக்கித்தான இருக்கேன் என்கிறாள் அம்மா, இல்லை, துடிப்பது என் நெஞ்சு, அமுக்குவது எழுபது கிலோ கியர்பாக்ஸ், பாதி ஜாக்கியிலும் பாதி என்மேலும், எங்கள் வீட்டு வாசலில் பழைய ஃபோர்வீல் பிக்கப்பின் அடியில் நான் மல்லாந்து கிடக்கிறேன், கல்லூரி விடுமுறையின் நான்காம் நாள், மேலே துருப்பிடித்த ஒரு வானம், அதிலிருந்து கண்ணுக்கு ஒரு சொட்டு, வாய்க்கு ஒரு சொட்டு என்று ஆயில் பாரபட்சமில்லாமல் விழுகிறது, இன்னும் கொஞ்சம் தூக்குடா, என்று அப்பாவின் குரல், தூக்கிட்டேம்ப்பா, இன்னும், இன்னும் தூக்குனா செத்துருவேன், செத்துறாத, மொதல்ல இது ஏறட்டும். ஏறவில்லை, காலையிலிருந்து ஏறவில்லை, கியர்பாக்ஸின் மூக்குத்தண்டு கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான், ஒரு விரல்கடை தூரம், அந்த ஒரு விரல்கடையில் நானும் அப்பாவும் இரண்டு மணி நேரமாகக் குடியிருக்கிறோம்.

பழைய கியர்பெட்டி வேப்பமரத்தடியில் கிடக்கிறது, நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போதே அதில் மூன்றாவது கியர் நிற்காமல் போய்விட்டது, இறக்கத்தில் தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும், வந்தால் இன்ஜினின் பிடி விட்டுப் பாரவண்டி அதுபாட்டுக்கு ஓடும், அதனால் நடுவில் உட்கார்ந்த அம்மா வலது கையால் லீவரைப் பிடித்துக்கொண்டாள், முதலில் அன்றைக்கு மட்டும், பிறகு அந்த வாரம், பிறகு ஒன்பது வருடம், கை இருக்கும்போது மெக்கானிக் எதற்கு என்பது அப்பாவின் பொறியியல், தினமும் விடியலில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போவதும் சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவதும், அப்பா ஓட்டுவார், அம்மா பிடிப்பாள், விடுமுறையென்றால் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன், எங்கள் குடும்பத்தில் வேலைப்பங்கீடு அப்படி.

பிறகு அந்தத் தும்மல், நான் அப்போது விடுதியில் இருந்தேன், ஆனாலும் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது, அத்தனை முறை கேட்டுவிட்டேன், பாலத்து வளைவுக்கு முன்னால் அம்மாவுக்குத் தும்மல் வருகிறது, கை மூக்குக்குப் போகிறது, கியர் துள்ளுகிறது, வண்டி பாய்கிறது, பின்னால் ஒன்பது பெண்கள் ஒரே குரலில் யாத்தே என்கிறார்கள், அப்பா பிரேக்கின்மேல் ஏறி நின்று எப்படியோ நிறுத்திவிடுகிறார், நிறுத்தியவர் அதோடு நிறுத்தியிருக்கலாம், ஒரு கியரைப் புடிக்கத் துப்பில்ல, நீயெல்லாம் எதுக்கு முன்சீட்டுல உக்காந்து வாற, என்று அந்த ஒன்பது பேருக்கும் கேட்கக் கத்துகிறார், அம்மா இன்னொரு முறை தும்முகிறாள், முந்தானையில் மூக்கைத் துடைக்கிறாள், கதவைத் திறந்து இறங்குகிறாள், ஒங்க கியர நீங்களே புடிச்சுக்கங்க, என்று சொல்லிவிட்டு மேல்நோக்கி நடக்கிறாள், மேலே மாமா வீடு, இன்றோடு பத்தொன்பது நாள்.

ஒரு போன் பண்ணித் தப்புத்தான்னு சொல்லிருங்கப்பா, என்றேன் வந்த அன்றே, அதெல்லாம் எதுக்கு, கியர்பாக்ஸ மாத்திருவோம், என்றார், தப்பு என்ற மூன்று எழுத்துச் சொல்லுக்குப் பதிலாக மதுரையில் பழைய இரும்புக்கடையில் தேடி எழுபது கிலோவில் ஒன்று வாங்கி வந்தார், பட்டறையில் விடலாம் என்றால், விட்டா எதுக்கு மாத்துறன்னு கேப்பான், ஊருக்கே தெரிஞ்சுபோகும் என்றார், ஒன்பது பெண்களின் வழியாக ஊருக்குத் தெரிந்தது போதாதென்று நினைத்தேன், சொல்லவில்லை, ஜாக்கி என்னை நம்பி நின்றுகொண்டிருந்தது.

பிளேட்டு நடுவுல இல்லடா, அதான் ஏறல, என்று திடீரென்று எழுந்து வீட்டுக்குள் போனவர் அம்மாவின் சப்பாத்திக்கட்டையோடு வருகிறார், அதன் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றி, பிளேட்டின் ஓட்டைக்குள் விட்டு அப்படியும் இப்படியும் ஆட்டி நடுவுக்குக் கொண்டுவருகிறார், அம்மாவுக்குத் தெரிஞ்சா, என்கிறேன், தெரியாது, என்கிறார், இதைவிடப் பெரிய நம்பிக்கையை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை, ஆனால் ஏறிவிட்டது, வெண்ணெயில் இறங்குவதுபோல, எல்லா போல்ட்டும் முடுக்கி, முன்னாலும் பின்னாலும் ஷாஃப்ட்டை மாட்டி, அப்பா ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதிக்கிறார், பெடல் ஒன்றுமில்லாத இடத்தில் விழுவதுபோலத் தரைவரைக்கும் போகிறது. மறுபடி மிதிக்கிறார், ஒன்றுமில்லை. பேரிங்கு எங்கடா, என்கிறார். கிரீஸ் போட வேண்டுமென்று காலையில் அவர் கழற்றிக் கொடுத்த கிளட்ச் பேரிங், உள்ளே இருக்க வேண்டியது, மதில்மேல் இருக்கிறது, அதன்மேல் என் காப்பி டம்ளர், வட்டமாக, அளவெடுத்ததுபோலப் பொருந்தி.

அவர் வாயைத் திறக்கிறார், கத்தப்போகிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது, நான் அவருக்காகக் காத்திருக்கிறேன், அவர் கண் சமையலறை வாசலுக்குப் போகிறது, அங்கே யாரும் இல்லை, வாய் மூடிக்கொள்கிறது, கழட்டு, என்கிறார், அவ்வளவுதான். எனக்கு அதுதான் தாங்கவில்லை, இதில் பாதியை அந்த வளைவில் மூடியிருந்தால் நான் இந்நேரம் கட்டிலில் படுத்திருப்பேன், மறுபடி ஜாக்கி, மறுபடி நெஞ்சுமேல் அந்தக் கனம், கண்ணை மூடுகிறேன், வகுப்பறையில் ஒன்பது பெண்கள் ஏலக்காய்ப் பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஆசிரியர் மேசையில் கறுப்புக் குமிழ் ஒன்று துடிக்கிறது, யார் பிடிக்கிறீர்கள் என்கிறார், யாரும் கை தூக்கவில்லை, எனக்குத் தும்மல் வருகிறது, டேய் தூங்காதடா, மேல விழுந்துரும், என்று அப்பாவின் கை என் தலைக்கும் இரும்புக்கும் நடுவில்.

மறுநாள் காலை மாமா வீட்டு முன்னால் வண்டி நிற்கிறது, அப்பா இறங்கவில்லை, போய்க் கியர் மாத்தியாச்சுன்னு சொல்லு, என்கிறார், போய்ச் சொல்கிறேன், ஏன், அவருக்கு வாயில்லையா, என்கிறாள் அம்மா, இருக்கும்மா, ஆனா மூணாவதுல நிக்க மாட்டேங்குது, என்கிறேன், அவள் சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பையை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தாள், கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். இறக்கம் தொடங்கியது, அப்பா மூன்றாவது போட்டார், போட்ட கையை எடுக்கவில்லை, குமிழை அமுக்கிப் பிடித்தபடி ஒற்றைக்கையால் ஸ்டீரிங்கை ஒடிக்கிறார், நெற்றியில் வியர்வை, பாலத்து வளைவு வருகிறது, விடுங்க, புதுப் பெட்டிதான, விழாது, என்கிறாள் அம்மா, இல்ல, என்கிறார் அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டே, நானே புடிச்சுக்கிறேன். அம்மா வளைவைப் பார்த்தாள், ஸ்டீரிங்கில் இருந்த ஒற்றைக்கையைப் பார்த்தாள், ரெண்டு கையாலயும் ஓட்டுங்க, மூணு பேரு உசுரு இருக்கு, என்றாள், அவர் கையை எடுத்தார், குமிழ் அசையவில்லை, யாரும் பிடிக்காமல் முதல்முறையாகத் தன்பாட்டுக்கு நின்றது, நாங்கள் மூவரும் அதையே பார்த்தோம், அப்போதுதான் அம்மாவின் கை மடியிலிருந்து எழுந்து போய் அதன்மேல் உட்கார்ந்தது, அமுக்கவில்லை, சும்மா. இறக்கத்தில் என் சீட்டுக்கு அடியிலிருந்து, நேற்று வண்டிக்குள்ளேயே மறந்துவிட்ட, கிரீஸ் படிந்த சப்பாத்திக்கட்டை மெல்ல உருண்டு அவள் காலை நோக்கிப் புறப்படுகிறது, நான் குதிகாலால் அதை அமுக்குகிறேன், அது காலுக்கடியில் துடிக்கிறது, வீடு வர இன்னும் பதினோரு வளைவு, நான் பிடித்துக்கொண்டே இருக்கிறேன்.